மொஸ்கோச் சந்தையில் நான் வாங்கிய இருபது கறுப்புப் பெட்டிகள்

நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாவது வாரம், கெய்சர் வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். அவருடைய இரண்டாவது மகன் மொஸ்கோவில் வைத்தியத்துறை படிக்கிறார். விடுமுறைக்கு வரும்போது வெறுங்கையோடு வராமல் ரஷ்யக் கைப்பணிப் பொருட்கள் கொஞ்சம் வாங்கி வந்தால், வெலிகமையில் மச்சானுடைய கடையில் ஒரு கண்ணாடி அலுமாரி போட்டு விற்கலாம் என்பது நண்பருடைய யோசனை. தென் கரைக்கு இப்போது ரஷ்ய உல்லாசப் பிரயாணிகள் நிறைய வருகிறார்கள் அல்லவா?

"ரஷ்யக்காரனுக்கு ரஷ்யச் சாமான் பிடிக்காமல் போகுமா நானா? ஐந்து இலட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் அங்கே இருந்தவர். என்ன வாங்கச் சொல்ல?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரஷ்யாவில் தூலா என்று ஒரு நகரம் இருக்கிறது. சமோவார் என்கிற தேநீர்க் கொதிகலத்துக்குப் பெயர்போன இடம். 1778 இல் லிஸித்ஸின் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் அங்கே சமோவார்ப் பட்டறை போட்ட நாளிலிருந்து அந்த ஊரும் அந்தச் சாமானும் ஒன்றாகிவிட்டன. ஒருவர் மடத்தனமான வியாபாரம் செய்தால் ரஷ்யர்கள் "சொந்த சமோவாரைத் தூக்கிக்கொண்டு தூலாவுக்குப் போகிறான்" என்பார்கள். நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்கிறோமே, அதேதான். மொஸ்கோவிலிருந்து பத்து மணித்தியாலம் பறந்து வெலிகமைக்கு வருகிறவன் இங்கே மரப் பொம்மையா தேடப் போகிறான்?

நண்பரும் சிரித்தார். ஆனால் விட்டுவிடவில்லை. "அப்படியானால் நம்முடைய ஆட்களுக்கு விற்கலாம்தானே?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னால் போனில் பதில் சொல்ல முடியவில்லை. அதே கேள்வியை 1998 இல் நானே என்னிடம் கேட்டு எண்ணூறு டொலரைத் தொலைத்தவன். ஆகவே இந்த வாரப் பத்தியை அதற்கே ஒதுக்குகிறேன். மகனை ரஷ்யாவில் படிக்க விட்டிருக்கும் வேறு வாசகர்களுக்கும் இது பயன்படலாம்.

தேயிலையோடு போனவன்

1997 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நான் மொஸ்கோவுக்குப் போனேன். அப்போது எனக்குத் திருமணமாகவில்லை. கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கொம்பனியில் வேலை. ரஷ்யா நம்முடைய தேயிலையை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அங்குள்ள மொத்த வியாபாரிகளிடம் போய் எந்தப் பெட்டி போகிறது, எந்தப் பெட்டி தேங்குகிறது, காசு எப்போது வரும் என்று பார்த்து அறிவிப்பதுதான் என் வேலை. 2002 வரை இருந்தேன்.

தென்மேற்கு மொஸ்கோவில், லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்த நம் நாட்டு மாணவர் ஒருவரின் உதவியால் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்காரி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபது வயதிருக்கும். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். நான் வாடகையோடு மாதம் ஒரு கிலோ தேயிலையும் கொடுப்பேன். அதற்காகவோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இஸ்மைலோவோ சந்தைக்கு அழைத்துப் போவார்.

ரஷ்யக் கைப்பணிப் பொருட்களுக்கு மொஸ்கோவில் அதுதான் பெரிய சந்தை. அர்பாத் தெருவிலும் கடைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே கடை வாடகையையும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை சொல்லுவார்கள். இஸ்மைலோவோவில் அன்று பலகைத் தட்டுகளை வரிசையாகப் போட்டு, பனிக்குளிரில் கம்பளிக் கையுறையோடு நின்று விற்பார்கள். சிலர் தாங்களே செய்ததைக் கொண்டு வருவார்கள், சிலர் கிராமத்தில் வாங்கி வந்து விற்பார்கள். விலை பேசலாம். புறக்கோட்டையில் வளர்ந்த எனக்கு முதல் நாளே சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது.

மத்ரியோஷ்கா பொம்மையை எல்லோரும் அறிவார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மரப் பெண். ஆயிரம் வருடத்துப் பழைய சாமான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது 1890களில் வந்த பொருள். ஸ்வியோஸ்தொச்கின் என்ற கடைசல்காரர் கடைந்து, மல்யூத்தின் என்ற ஓவியர் தீட்டியது. முதல் பொம்மையில் எட்டு உருவங்கள். மூத்தவள் கையில் கறுப்புச் சேவல், கடைசியில் துணியில் சுற்றிய குழந்தை. 1900 ஆம் ஆண்டு பரிஸ் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் கிடைத்ததும் வெளிநாட்டு ஓடர்கள் குவியத் தொடங்கின. அந்த முதல் பொம்மை இன்றும் மொஸ்கோவுக்கு வடகிழக்கே செர்கியேவ் பொசாத் நகரத்து விளையாட்டுப் பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரியான நேரத்தில் சரியான கண்காட்சிக்குப் போன ஒரு புதுச் சாமான், சில வருடங்களிலேயே ஒரு நாட்டின் "பாரம்பரியம்" ஆகிவிட்டது. வியாபாரிகள் யோசிக்க வேண்டிய விடயம் இது.

நல்ல பொம்மையை எப்படி அறிவது என்று ஆசிரியை காட்டித் தந்தார். மேல் பாதியைத் திருகினால் இறுக்கமாகத் திரும்ப வேண்டும், கடகடவென்று ஆடக் கூடாது. மூடிய பின் மேல் பாதியின் மரவரி கீழ்ப் பாதியின் மரவரியோடு சேர வேண்டும். கடைசிக் குட்டியை எடுத்து முகத்தைப் பார்க்க வேண்டும். பெரிய பொம்மைக்கு அழகாகத் தீட்டிவிட்டு, குட்டிக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போட்டிருந்தால் அது அவசர வேலை. ஆனால் கடைசல்காரர் முதலில் கடைவது அந்தக் குட்டியைத்தான். அதன் அளவுக்குத்தான் மற்றவை ஒவ்வொன்றாகப் பெருக்கும். லிண்டன் என்ற மென்மரத்தை வெட்டி, ஆண்டுக்கணக்கில் காயப் போட்ட பிறகே கடைசலுக்கு எடுப்பார்கள். காயாத மரம் வெப்ப நாட்டுக்கு வந்தால் வெடித்துவிடும், அல்லது திறக்க முடியாமல் இறுகிவிடும். கொழும்பில் நான் பார்த்த பல பொம்மைகள் திறக்காதவை.

நம்முடைய வீடுகளில் உருவப் பொம்மை வைப்பதைப் பலர் விரும்புவதில்லை. அதனால் எனக்கு ஹொக்லோமாவில்தான் ஆசை விழுந்தது. சிவப்பு, கறுப்பு, தங்கநிறம் மூன்றும் சேர்ந்து பூவும் பழமும் தீட்டிய மரக் கரண்டி, கிண்ணம், தட்டு. பார்த்தால் தங்கத் தகடு ஒட்டியது போல மின்னும். ஆனால் அதில் ஒரு குண்டுமணித் தங்கம் கிடையாது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி, அதன்மேல் வெள்ளீயத் தூளைத் தேய்ப்பார்கள். பிற்காலத்தில் அலுமினியத் தூள். இப்போது பாத்திரம் வெள்ளி போல இருக்கும். அதன்மேல் பூ தீட்டி, வார்னிஷ் பூசி, சூளையில் வைப்பார்கள். சூட்டில் வார்னிஷ் மஞ்சளாகி, வெள்ளி தங்கமாகிவிடும். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வரும் தொழில். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இது தங்கமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். விற்பவரே சொல்லுவார். சூடான சூப்பை அந்தக் கரண்டியால் குடிக்கவும் செய்யலாம். எங்கள் வீட்டில் இரண்டு இன்னும் பாவனையில் இருக்கின்றன.

க்ஜெல் பீங்கானும் அப்படித்தான் மனதைக் கவரும். வெள்ளையில் நீலம். கோபோல்ட் சாயத்தைத் தீட்டும்போது அது கறுப்பாகத்தான் இருக்குமாம், சூளையில் வெந்த பிறகே நீலமாகும். தீட்டுபவர் இறுதி நிறத்தைக் காணாமலேயே தீட்ட வேண்டும். தூரிகையின் ஒரே இழுப்பில் ஒரு பக்கம் கடும் நீலமும் மறுபக்கம் இளநீலமும் வந்திருந்தால் அது கைவேலை. ஒரே சீரான நீலமாக, பத்துக் கோப்பையிலும் பூ அச்சொட்டாக ஒரே இடத்தில் இருந்தால் அது ஒட்டுப்படம்.

எண்ணூறு டொலர்

இனி என் கதை. 1998 ஏப்ரல் மாதம். விடுமுறையில் கொழும்புக்கு வரவிருந்தேன். சேமிப்பு எண்ணூறு டொலர் கையில் இருந்தது. தங்கையின் திருமணம் பேசிக்கொண்டிருந்த நேரம். காசை அப்படியே கொண்டுபோவதை விட, சாமானாகக் கொண்டுபோய் இரட்டிப்பாக்கிக் கொடுக்கலாமே என்று ஷைத்தான் காதில் ஓதினான்.

பாலெக் என்பது ரஷ்யாவில் ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாகத் தேவாலயங்களுக்குச் சித்திரம் தீட்டிப் பிழைத்தவர்கள். 1917 புரட்சிக்குப் பிறகு தேவாலயச் சித்திரம் வாங்க ஆளில்லை. ஒரு கிராமத்தின் முழு வியாபாரமும் ஒரே நாளில் செத்துப்போனது போல. அவர்கள் தொழிலை விடவில்லை, சரக்கை மாற்றினார்கள். 1924 இல் ஒரு கூட்டுறவு அமைத்து, அதே தூரிகையால், அதே முட்டை மஞ்சட்கருச் சாயத்தால், கறுப்புப் பெட்டிகளின் மூடியில் நாட்டுக் கதைகளைத் தீட்டத் தொடங்கினார்கள். மட்டைக் கடதாசியை அடுக்கடுக்காக மாப்பசையில் ஒட்டி, அழுத்தி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, சூளையில் காயவைத்துச் செய்யும் பெட்டி அது. வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. தங்கத்தைத் தூளாக்கி மயிரிழைக் கோடுகளாகத் தீட்டி, ஓநாயின் பல்லால் தேய்த்து மினுக்குவார்கள். ஒரு சிறு பெட்டிக்கே மாதக் கணக்கு வேலை. அதனால் விலை நூற்றுக்கணக்கான டொலர்.

அதைத்தான் ஒருவன் எனக்கு நாற்பது டொலருக்குத் தந்தான்!

சந்தைக்குள் அல்ல, மெட்ரோ நிலையத்திலிருந்து சந்தைக்குப் போகும் வழியில். அன்று ஆசிரியைக்குச் சளிக்காய்ச்சல், என்னோடு வரவில்லை. அவன் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினான். கறுப்பு வெளி, சிவப்பு உள், மூன்று குதிரை பூட்டிய வண்டி, ஓரத்தில் தங்க எழுத்தில் கிராமத்தின் பெயர். ஓவியரிடமிருந்து நேரடியாக எடுப்பதாகவும், இடைத்தரகர் இல்லாததால் மலிவு என்றும் சொன்னான். "இடைத்தரகர் இல்லை" என்ற சொல்லைக் கேட்டால் வியாபாரிக்குப் புத்தி மழுங்கிவிடும். இருபது பெட்டி எடுத்தேன். நூறு டொலர் பெறும் சாமானை நாற்பதுக்குத் தருகிறவன் ஏன் தருகிறான் என்று ஒரு தரம்கூட நான் என்னையே கேட்கவில்லை. தேயிலையில் யாராவது அப்படி விலை சொல்லியிருந்தால் பெட்டியைக் கவிழ்த்து அடிவரை பார்த்திருப்பேன்.

கொழும்பில் ஒரு ஹோட்டலின் அன்பளிப்புப் பொருள் கடையை நடத்தியவர் பேருவளையைச் சேர்ந்த இரத்தினக்கல் வியாபாரி. பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் நூற்றிருபது டொலர் சொன்னேன். அவர் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து கல் பார்க்கும் லென்ஸை எடுத்து மூடியில் வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் மலர்ச்சி இல்லை. "தம்பி, நீங்களே பாருங்கள்" என்று லென்ஸைத் தந்தார்.

பார்த்தேன். குதிரை முழுவதும் புள்ளிகள். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்புப் புள்ளிகள், நம்முடைய பத்திரிகைப் படத்தில் இருப்பது போலவே வரிசை வரிசையாக. அச்சடித்த படத்தை ஒட்டி, மேலே வார்னிஷ் ஊற்றியிருக்கிறார்கள். தங்கக் கோடு மட்டும் ஒன்றிரண்டு கையால் இழுத்திருந்தார்கள், அதுவும் தங்கமல்ல. பெட்டியும் கடதாசி மட்டையல்ல, மரத்தூளை அழுத்திச் செய்தது. கையில் குளிர்ந்தும் பாரமாகவும் இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "இதை நான் வாங்க மாட்டேன். ஆனால் இந்த ஊரில் இதை லென்ஸ் வைத்துப் பார்க்க நூற்றில் ஒருவர் இல்லை." அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அவர் என்னைச் சோதித்தாரா, வழி காட்டினாரா என்பது இன்றுவரை புரியவில்லை. வேறொரு கடைக்காரர் வெளிப்படையாகவே, ஒன்று எண்பது டொலருக்குத் தள்ளித் தருகிறேன், பாதி எனக்கு என்றார். ஒரு இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. தங்கையின் கல்யாணக் காசு அல்லவா?

வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. "சரக்கில் குறை இருந்தால் குறையைச் சொல்லி விற்க வேண்டியதுதான். உன்னை ஏமாற்றினவனின் வேலையை நீ ஏன் தொடர்ந்து செய்ய வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். பிரதான வீதியில் ஒரு பென்சிக் கடையில், அச்சுப்படப் பெட்டி என்று சொல்லியே ஒன்று நானூறு ரூபாவுக்குப் பத்தொன்பதைக் கொடுத்தேன். ஐம்பதாயிரம் ரூபா முதலில் ஏழாயிரத்து அறுநூறு திரும்பி வந்தது. தங்கையின் திருமணம் ஆறு மாதம் பின்போனது. இருபதாவது பெட்டி இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதற்குள் அந்தப் பெரியவரிடமே விலைக்கு வாங்கிய லென்ஸ் இருக்கிறது.

சால்வை

நான் திரும்பிப் போய்ச் சில மாதங்களில் ரஷ்யாவே விழுந்தது. 1998 ஓகஸ்ட் 17. அரசாங்கம் கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது. ஒரு டொலருக்கு ஆறு ரூபிள் சொச்சமாக இருந்தது, ஆண்டு முடிவதற்குள் இருபதைத் தாண்டியது. தேயிலைக் காசு எங்கெங்கோ முடங்கியது. அது வேறு கதை, வேறு வாரம் எழுதலாம். கையில் டொலர் வைத்திருந்தவனுக்கு மாத்திரம் சந்தை திடீரென்று மலிந்தது. ஆசிரியையின் ஓய்வூதியம் எண்ணிக்கையில் குறையவில்லை, அதைக் கொண்டு வாங்கக்கூடிய சாமான்தான் குறைந்தது. அந்த ஆண்டுகளில் கூஸ்-ஹ்ருஸ்தால்னி என்ற கண்ணாடி நகரத்தில் தொழிலாளருக்குச் சம்பளத்துக்குப் பதில் கண்ணாடிப் பாத்திரங்களையே கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தெருவோரத்திலும் புகையிரத நிலையத்திலும் நின்று விற்றார்கள்.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் இஸ்மைலோவோவில் ஒரு பெண் ஒரென்பேர்க் சால்வை ஒன்றைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டு இல்லை, ஒரே ஒரு சால்வைதான். ஒரென்பேர்க் உரால் மலைகளின் தெற்குப் பக்கம். அங்குள்ள ஆட்டின் அடிமயிர் மிக மெல்லியது. அதைப் பட்டு நூலோடு சேர்த்து முறுக்கி, சிலந்தி வலை போல ஊசியால் பின்னுவார்கள். கல்யாண மோதிரத்துக்குள்ளால் முழுச் சால்வையையும் இழுத்து எடுத்துவிடலாம். அந்தப் பெண் இழுத்தும் காட்டினார். இந்தத் தடவை ஆசிரியை சொல்லித் தந்த சோதனையையும் செய்தேன். மயிர்ப் பூஞ்சையை இரண்டு விரலால் பற்றி மெதுவாகத் தூக்க வேண்டும். சால்வை சேர்ந்து எழும்பினால் நல்லது, மயிர் விரலோடு வந்தால் சீப்பால் வாரிப் பூஞ்சையாக்கிய மட்டச் சரக்கு. சால்வை எழும்பியது.

தொள்ளாயிரம் ரூபிள் கேட்டார். பெட்டியில் போன காசை எங்கேயாவது பிடிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு. நானூறு என்றேன். நடந்தேன், திரும்பி வந்தேன், மற்றவரிடம் விலை கேட்பது போல நடித்தேன். நம்முடைய வித்தைகள் எல்லாவற்றையும் காட்டினேன். குளிர் கடுமையாகிக்கொண்டிருந்தது. கடைசியில் ஐந்நூறுக்கு இறங்கினார். அன்றைய மாற்று விலையில் முப்பது டொலர். வெற்றியோடு வீட்டுக்கு வந்து ஆசிரியையிடம் காட்டினேன்.

அவர் சால்வையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "கையால் பின்னியது. ஒரு மாதத்துக்குக் குறையாத வேலை. ஆட்டு மயிரும் பட்டு நூலும் வேறு" என்றார். பிறகு, "எவ்வளவுக்கு வாங்கினாய்?" என்றார். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் போடப் போய்விட்டார். அன்று முழுவதும் என்னோடு அதிகம் பேசவில்லை.

விற்பவர் சம்மதித்தார், வாங்குபவர் காசைக் கொடுத்தார். வியாபாரம் செல்லும், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஞாயிறு நானூறு ரூபிளைத் தனியாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது வாரம் அந்த இடத்தில் வேறொருவர் உப்பிட்ட காளான் விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு அவளைத் தெரியாது.

சால்வை உம்மாவுக்குப் போனது. கொழும்பு வெயிலில் ஆட்டு மயிர்ச் சால்வை எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். ஹஜ்ஜுக்குப் போனபோது விமானத்துக் குளிருக்குப் போர்த்திக்கொண்டார். கைப்பைக்குள் கைக்குட்டை போல அடங்கியதே என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கஸானில் கிடைத்த வியாபாரம்

நான் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்து லாபத்தோடு விற்ற ஒரே சாமான் மொஸ்கோவில் வாங்கியதல்ல. 2000 ஆம் ஆண்டு எங்கள் தேயிலை வாங்கும் தாத்தார் வியாபாரி ஒருவர் என்னைக் கஸானுக்கு அழைத்தார். இரவு முழுக்கப் புகையிரதப் பயணம். கஸான் தாத்தார் முஸ்லிம்களின் தலைநகரம். குல் ஷரீஃப் பள்ளிவாசலை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள், 2005 இல்தான் திறந்தார்கள். அவருடைய வீட்டுச் சுவரில் ஒரு சட்டம் தொங்கியது. கண்ணாடியின் பின்புறத்தில் ஆயத்துல் குர்ஸி அரபு எழுத்தில் தீட்டி, பின்னால் மினுங்கும் தாள் வைத்திருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் எழுத்து உள்ளிருந்து ஒளிர்வது போல இருந்தது. அதற்கு ஷமாயில் என்று பெயர். தாத்தார்களின் பழைய கைவேலை. சோவியத் காலத்தில் ஒடுங்கிப்போய், பிறகு மீண்டும் உயிர்பெற்றது.

பத்து வாங்கினேன். வண்ண வண்ணத் தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த தாத்தார்ச் சப்பாத்து ஒரு சோடியும், எம்பிரொய்டரி செய்த வெல்வெட் தொப்பிகள் ஒரு டசினும் வாங்கினேன். ஷமாயில் நான்கு வழியிலேயே உடைந்துவிட்டன. உடுப்புக்குள் வைத்துக் கட்டியது என் பிழை. கண்ணாடியைத் தேயிலைப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். மீதி ஆறும், தொப்பிகளும் கொழும்பில் இரண்டு வாரத்தில் போய்விட்டன. கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கச் சரக்கில்லை. பாலெக் குதிரை வண்டியை யார் வீட்டில் மாட்டுவார்கள் என்று நான் 1998 இலேயே யோசித்திருக்க வேண்டும். ஆயத்துல் குர்ஸியை எங்கே மாட்டுவது என்று யாரும் கேட்கவில்லை.

இனி, மகன்மாருக்குச் சில விடயங்கள். இஸ்மைலோவோ சந்தை இன்றும் இருக்கிறது. இப்போது மரக் கோட்டை போல அலங்காரமாகக் கட்டியிருக்கிறார்கள். இறங்க வேண்டிய மெட்ரோ நிலையம் பார்த்திசான்ஸ்கயா, 2005 வரை அதற்கு வேறு பெயர். இஸ்மைலோவ்ஸ்கயா என்ற நிலையத்தில் இறங்கினால் காட்டுப் பூங்காவில் நிற்பீர்கள். சனி, ஞாயிறுதான் முழுச் சந்தை. பக்கத்தில் எங்கள் தேயிலைக்காரர்கள் கடை போட்டிருந்த செர்கிஸோவ்ஸ்கி மொத்தச் சந்தை 2009 இல் மூடப்பட்டது, பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு அதைத் தேட வேண்டாம். 2022 மார்ச்சிலிருந்து நம்முடைய வங்கிகளின் விசா, மாஸ்டர் அட்டைகள் அங்கே செல்லுபடியாவதில்லை. கையில் காசு வேண்டும்.

பழைய சமோவார் மேல் ஆசைப்பட வேண்டாம். பழம்பொருள் என்றால் விமான நிலையத்தில் கலாசார அமைச்சின் அத்தாட்சி கேட்பார்கள். எங்களோடு இருந்த மாணவர் ஒருவர் ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கிய சமோவாரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். உள்ளே பூசிய வெள்ளீயம் தேய்ந்திருந்தால் அதில் தண்ணீர் கொதிக்கவைத்துக் குடிக்கவும் கூடாது. தூலாவில் செய்யும் புது மின்சார சமோவார் போதும். சோவியத் காலத்து உண்மையான பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவதும் ஆபத்து. அரச விருதுகளை விற்பதும் வாங்குவதும் அங்கே குற்றம்.

இவ்வளவையும் நண்பருக்கு நேரில் சொல்லலாம் என்று சென்ற வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு அவர் கடைக்குப் போனேன். ஐந்து இலட்சத்தைத் தொட வேண்டாம், தாய்க்கு ஒரு சால்வை, வீட்டுக்கு இரண்டு ஹொக்லோமாக் கரண்டி, கஸான் பக்கம் போனால் ஒரு ஷமாயில், அதைப் பார்த்து நான்கு பேர் கேட்டால் அதன்பிறகு யோசிப்போம் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிளேன்டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, போனை என் பக்கம் திருப்பினார்.

"மகன் நேற்று அனுப்பின படம். மலிவாகக் கிடைத்ததாம், பன்னிரண்டு எடுத்துவிட்டான்" என்றார்.

கறுப்புப் பெட்டி. மூடியில் மூன்று குதிரை பூட்டிய வண்டி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சற்று நேரம் கழித்து, "நானா, அந்த லென்ஸை ஒரு கிழமைக்குத் தருவீர்களா?" என்றார்.